பயன்பாட்டுக் கணிதத்தில் விரிவுரையாளர் ஆக: எது முதலில், எது பிறகு

ஒரு மாணவர், உசிலம்பட்டிப் பக்கம் ஊர். மதுரைக் கல்லூரி ஒன்றில் எம்.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறார். அவர் கேட்டது இது: "டிஃபரன்ஷியல் ஈக்வேஷன், நியூமரிக்கல் மெத்தட்ஸ் மாதிரி பயன்பாட்டுக் கணிதம்தான் பிடிக்கிறது. கல்லூரியில் விரிவுரையாளராக வேண்டும். வீட்டில் பி.எட். முடி என்கிறார்கள், சீனியர்கள் பிஎச்.டி. சேர் என்கிறார்கள், ஒரு தனியார் கல்லூரி உடனே வேலைக்கு வா என்கிறது. எதை முதலில் செய்வது? வேலை உண்மையில் எப்படி இருக்கும்?"

முதலில் நெட், அதாவது கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வு. அதுவும் எம்.எஸ்சி. பாடம் கையில் சூடாக இருக்கும்போதே. அடுத்து ஆராய்ச்சி. வேலை அதற்குப் பின்னால், அல்லது அதன் நடுவில். பி.எட். இப்போது வேண்டாம். இந்த வரிசை மாறுவதால்தான் திறமையான பலர் முப்பது வயதுக்கு மேல் தொகுப்பூதியத்தில் நிற்கிறார்கள். ஒவ்வொன்றும் நல்ல காரியம்தான், ஆனால் தப்பான வருடத்தில் செய்தால் அடுத்ததை மறித்துக்கொண்டு நிற்கும்.

பி.எட். இரண்டு வருடப் படிப்பு. மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியர் ஆக அது கட்டாயம், அந்த வேலை எந்த விதத்திலும் குறைந்ததல்ல. ஆனால் கல்லூரிப் பணிக்கு அது தகுதியே இல்லை. எம்.எஸ்சி. முடித்த கையோடு இரண்டு வருடம் பி.எட்.டுக்குப் போனால் லெபேக் இன்டக்ரலும் காஷி தேற்றமும் மறந்துபோகும், நெட் எட்டாமல் போகும். பள்ளி வேலைதான் இலக்கு என்றால் தயங்காமல் பி.எட். சேருங்கள். இரண்டையும் அரைகுறையாகப் பிடித்துக்கொண்டு இருப்பதுதான் ஆபத்து.

இப்போது தகுதி விதி. விரிவுரையாளர் என்று நாம் சொல்லும் உதவிப் பேராசிரியர் பணிக்கு யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) கேட்பது முதுகலையில் 55 சதவீதம், அதோடு நெட் அல்லது மாநில அளவிலான செட். ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 5 சதவீதம் தளர்வு உண்டு. 2023 ஜூலை முதல் முனைவர் பட்டம் நுழைவுக்குக் கட்டாயம் இல்லை. யு.ஜி.சி. விதிமுறைப்படி பெற்ற முனைவர் பட்டம் இருந்தால் நெட் இல்லாமலும் தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிப் பணிக்கு விண்ணப்பிக்க முடிந்திருக்கிறது. அதனால்தான் சீனியர்கள் "நேரே பிஎச்.டி. சேர்" என்கிறார்கள். அது ஐந்து வருடப் பாதை, நெட் ஆறு மாதப் பாதை. அதோடு ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் அந்த ஐந்து வருடத்துக்கும் சம்பளம் கிடைத்த மாதிரி.

கணிதத்துக்குப் பொதுவான யு.ஜி.சி. நெட் கிடையாது. அறிவியல் பாடங்களுக்கான சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட்டின் 'கணித அறிவியல்' தாள் மட்டும்தான். விண்ணப்பிக்கும்போது இதில் குழம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தேர்வு மூன்று மணி நேரம், 200 மதிப்பெண். 'ஏ' பிரிவில் 20 பொதுத்திறன் கேள்விகளில் 15 எழுத வேண்டும், ஒவ்வொன்றுக்கும் 2. 'பி' பிரிவில் 40-இல் 25, ஒவ்வொன்றுக்கும் 3, தப்பானால் முக்கால் மதிப்பெண் போகும். 'சி' பிரிவில் 60-இல் 20, ஒவ்வொன்றுக்கும் 4.75. 'சி'யில் ஒரு கேள்விக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் சரியாக இருக்கலாம். எல்லாவற்றையும் சரியாகக் குறித்தால்தான் மதிப்பெண், பாதி விடைக்குப் பாதி மதிப்பெண் இல்லை. தப்பானாலும் கழிவு இல்லை.

இந்த அமைப்பைப் பார்த்தாலே எப்படிப் படிப்பது என்று தெரியும். 'சி' பிரிவின் 95 மதிப்பெண்தான் தேர்வைத் தீர்மானிக்கிறது. அங்கே வேண்டியது தேற்றத்தின் எல்லை. எந்த நிபந்தனையை எடுத்தால் தேற்றம் உடையும், எந்த எதிர் எடுத்துக்காட்டு அதைக் காட்டும் என்று தெரியாமல் நான்கு விடைகளையும் உறுதியாக முடிவு செய்ய முடியாது. எம்.எஸ்சி. தேர்வுக்கு நிரூபணத்தை மனப்பாடம் செய்தவர்கள் இங்கே சறுக்குவது இதனால்தான்.

பயன்பாட்டுக் கணிதம் பிடித்தவருக்கு ஒரு சாதகம் இருக்கிறது. பாடத்திட்டத்தின் மூன்றாம் அலகு முழுக்க உங்கள் பக்கம்: சாதாரண வகைக்கெழுச் சமன்பாடு, பகுதி வகைக்கெழுச் சமன்பாடு, நியூமரிக்கல் அனாலிசிஸ், கால்குலஸ் ஆஃப் வேரியேஷன்ஸ், இன்டக்ரல் ஈக்வேஷன், கிளாசிக்கல் மெக்கானிக்ஸ். கடைசி மூன்றும் பல கல்லூரிகளில் விருப்பப் பாடமாகத்தான் வரும், அதனால் பாதிப் பேர் தொடுவதே இல்லை. ஆனால் கேள்விகளில் திரும்பத் திரும்ப வரும் வகைகள் அதிகம். பிரிக்கக்கூடிய கெர்னல் கொண்ட ஃபிரெட்ஹோம் சமன்பாடு எந்த மதிப்புக்குத் தீர்வில்லாமல் போகும், ஆய்லர்-லக்ராஞ்ச் சமன்பாட்டில் ஒரு முனை விடுபட்டிருந்தால் எல்லை நிபந்தனை என்ன, நியூட்டன் முறை இரட்டை மூலத்தில் ஏன் வேகம் இழக்கிறது, முதல் வரிசைப் பகுதிச் சமன்பாட்டுக்கு ஆரம்ப வளைவே கேரக்டரிஸ்டிக்காக இருந்தால் என்ன ஆகும். இந்த நான்கையும் நன்றாகப் புரிந்துகொள்ள மூன்று வாரம் போதும். ஆனால் முதல் அலகை, அதாவது ரியல் அனாலிசிஸையும் லீனியர் அல்ஜீப்ராவையும், விட்டுவிட்டு மூன்றாம் அலகை மட்டும் நம்பினால் தேற முடியாது. நம் பக்கத்தில் கிராஃப் தியரிக்கு எம்.எஸ்சி.யில் நிறைய நேரம் கொடுக்கிறார்கள். நல்ல பாடம், ஆனால் இந்தத் தேர்வில் அதன் பங்கு மிகச் சிறிது.

முடிவு வந்ததும் மதிப்பெண் அட்டையை ஒழுங்காகப் படியுங்கள். 2024 முதல் மூன்று நிலைகள் இருக்கின்றன: ஜே.ஆர்.எஃப்.; உதவிப் பேராசிரியர் தகுதியோடு பிஎச்.டி. சேர்க்கை; பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும். மூன்றாவதை வாங்கிவிட்டு "நெட் பாஸ்" என்று வேலைக்கு விண்ணப்பித்தால் தள்ளுபடி ஆகிவிடும். செட் மாநிலத் தகுதி. தமிழ்நாட்டுச் செட் தமிழ்நாட்டுக்குள்தான் செல்லும். தேர்வு வரும்போது எழுதுங்கள், ஆனால் அது எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஜே.ஆர்.எஃப். முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. அதோடு வீட்டு வாடகைப் படி. அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளருக்குத் தொகுப்பூதியம் 25,000, அதுவும் வருடத்துக்கு 11 மாதம். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வீட்டில் காட்டுங்கள். "படித்துக்கொண்டே இருக்கிறாய்" என்ற பேச்சு அடங்கும்.

அடுத்தது ஆராய்ச்சி. என் பார்வையில் உங்கள் தொழில் வாழ்க்கையின் பெரிய முடிவு இதுதான், ஊதிய விகிதமெல்லாம் இதற்குப் பின்னால்தான்.

2022 விதிமுறைப்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு. கோர்ஸ் வொர்க், அதாவது ஆய்வுக்கு முன் படிக்கும் பாடங்கள், குறைந்தது 12 கிரெடிட். எம்.ஃபில். அதே விதிமுறையோடு நின்றுவிட்டது. பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 ஸ்காலர்களையும், இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 பேரையும் வைத்துக்கொள்ளலாம். ஓய்வுக்கு மூன்று வருடத்துக்கும் குறைவாக இருப்பவர் புதிதாக ஆளெடுக்க முடியாது. ஆகவே கைடைத் தேடும்போது முதல் கேள்வி காலியிடம் இருக்கிறதா, இரண்டாவது அவர் எப்போது ஓய்வு பெறுகிறார். இதைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள். நடுவில் கைடு மாறினால் ஒரு வருடம் போய்விடும், தலைப்பே மாறினால் இரண்டு. காமராசர் பல்கலைக்கழகக் கணிதப் புலத்தோடு நிற்காமல், மதுரையின் பழைய கல்லூரிகளில் இருக்கும் ஆய்வு மையங்கள், காந்திகிராமம், காரைக்குடி அழகப்பா என்று விரித்துத் தேடுங்கள்.

தலைப்பு. தமிழ்நாட்டில் பயன்பாட்டுக் கணிதம் என்று சொன்னால் பெரும்பாலும் நான்கு வகை: திரவ இயக்கவியலும் வெப்பப் பரிமாற்றமும், கட்டுப்பாட்டுக் கோட்பாடும் நரம்பு வலைப்பின்னல் நிலைத்தன்மையும், நோய்ப் பரவல் மாதிரிகள், சிங்குலர் பெர்டர்பேஷன் போன்ற எண்முறை ஆய்வு. நான்கிலும் நல்ல வேலையும் உண்டு, அச்சில் வார்த்த வேலையும் உண்டு. வேறுபாட்டைக் கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும்.

வெப்பப் பரிமாற்றத்தை எடுத்துக்கொள்வோம், நம் பக்கத்தில் அதிகம் பேர் போவது அங்கே என்பதால். தகட்டின் மீது ஓடும் எல்லைப் படல ஓட்டத்தை ஒப்புமை மாற்றத்தால் சாதாரண வகைக்கெழுச் சமன்பாடாக்கி, ஷூட்டிங் முறையில் (தெரியாத ஆரம்ப மதிப்பை ஊகித்து, மறுமுனை நிபந்தனை பொருந்தும் வரை திருத்தும் முறை) தீர்ப்பது வழக்கம். அதில் காந்தப்புலம் ஒன்று, நானோ துகள் ஒன்று, கதிர்வீச்சு ஒன்று என்று உறுப்புகளைச் சேர்த்துச் சேர்த்து ஆயிரக்கணக்கான பேப்பர்கள் வந்துவிட்டன. "காந்தப்புலம் கூடினால் வேகம் குறைகிறது" என்று சொல்லப் பத்து வரைபடம் தேவையில்லை. இப்படிப்பட்ட ஆய்வேட்டில் கணக்கும் பல நேரம் தப்பாக இருக்கும், காரணம் மூன்று. முடிவிலியில் உள்ள எல்லையை 5 என்று வெட்டிவிடுவார்கள். 10, 15 என்று நீட்டிப் பார்த்து, தகட்டின் மேல் கிடைக்கும் சரிவு மதிப்பு மாறவில்லை என்று காட்டியிருக்க மாட்டார்கள். வெட்டிய இடத்தில் வளைவு பூஜ்யத்தைத் தொட்டுத் தட்டையாகப் படியாமல், குத்தாக வந்து இடித்து நின்றால் அந்த எல்லை போதவில்லை என்று அர்த்தம். இரண்டாவது, படிநீளத்தைப் பாதியாக்கிப் பிழை எவ்வளவு குறைகிறது என்று பார்த்திருக்க மாட்டார்கள். இரண்டாம் வரிசை முறையில் அது நான்கில் ஒன்றாக வேண்டும், ஆகவில்லை என்றால் நிரலில் கோளாறு. மூன்றாவது, தெரிந்த விடையோடு ஒப்பிட்டிருக்க மாட்டார்கள். சேர்த்த எல்லா உறுப்புகளையும் பூஜ்யமாக்கினால், தட்டையான தகட்டின் மேல் ஓடும் எளிய ஓட்டத்துக்கான பிளாசியஸ் சமன்பாடு வர வேண்டும், தகட்டில் இரண்டாம் வகைக்கெழு 0.33206 கிடைக்க வேண்டும். அரை என்ற கெழு இல்லாமல் எழுதும் வடிவத்தில் அது 0.4696. இந்த இரண்டு வடிவத்தைக் குழப்பிக்கொண்டு "ஒத்துப்போகவில்லை" என்று மாதக்கணக்கில் நிரலைத் திருத்துகிறவர்கள் உண்டு.

இந்த மூன்று சோதனையும் உங்களுக்குப் பழக்கமாகிவிட்டால் எந்தத் தலைப்பிலும் நிற்பீர்கள். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்கப்படும் உண்மையான கேள்வி, "இந்த எண் சரி என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்பதுதான்.

நோய்ப் பரவல் மாதிரியில் ஆபத்து வேறு மாதிரி. மூன்று பிரிவு மாதிரியை எட்டுப் பிரிவாக்கினால் கெழுக்கள் இருபதைத் தாண்டும், கையில் இருக்கும் தரவு தினசரி நோயாளி எண்ணிக்கை என்ற ஒரே வரிசை. அதை வைத்து இருபது கெழுவையும் கண்டுபிடிக்க முடியாது. வேறு நாட்டுப் பேப்பரிலிருந்து கடன் வாங்கிப் போடுவார்கள், மாதிரி அழகாகப் பொருந்தும், ஒன்றையும் சொல்லாது. சின்ன மாதிரி, நேர்மையான தரவு என்று ஆரம்பிக்கும் கைடு கிடைத்தால் விடாதீர்கள்.

பேப்பர் வெளியிடுவதில் ஒரு எச்சரிக்கை. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் பேப்பர் வெளியிட வேண்டும் என்ற கட்டாயத்தை யு.ஜி.சி. 2022-இல் எடுத்துவிட்டது, ஆனால் பல்கலைக்கழகம் தன் விதியில் வைத்திருக்கலாம், பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். தரமான இதழ்கள் என்று யு.ஜி.சி. வைத்திருந்த கேர் பட்டியல் 2025 பிப்ரவரியோடு இல்லை. இப்போது இதழின் தரத்தை நீங்களேதான் பார்க்க வேண்டும். கணிதத்துக்கு எளிய வழி இருக்கிறது: கணிதக் கட்டுரைகளைப் பட்டியலிடும் 'இசட்.பி. மேத் ஓப்பன்' இணையதளம் 2021 முதல் இலவசம். இதழின் பெயரைப் போட்டு, கட்டுரைகள் தொடர்ந்து பட்டியலாகின்றனவா என்று பாருங்கள். பத்து நாளில் வெளியிடுகிறோம், இவ்வளவு ரூபாய் அனுப்புங்கள் என்று மின்னஞ்சல் வந்தால் அதைத் திறக்கவே வேண்டாம். கணிதத்தில் நல்ல இதழ் ஆறு மாதம், ஒரு வருடம் எடுக்கும். அதைக் கணக்கில் வைத்து மூன்றாம் வருடத் தொடக்கத்திலேயே முதல் பேப்பரை அனுப்பிவிட வேண்டும்.

வேலை கிடைக்கும் இடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அரசுக் கலை, அறிவியல் கல்லூரிகளுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் எடுக்கிறது. 2024 மார்ச்சில் எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து 4000 இடங்களுக்கு அறிவிக்கை வந்தது, அதற்கு முந்தைய பெரிய அறிவிக்கை 2019-இல். இடைவெளியைக் கவனியுங்கள்: அறிவிக்கை வரும் நாளில் தகுதி கையில் இல்லாதவர் அடுத்ததற்குப் பல வருடம் காத்திருக்க வேண்டும். வரிசை முக்கியம் என்று சொல்வது இதனால்தான். அரசு உதவிபெறும் கல்லூரியில் நிர்வாகம் தேர்வு செய்யும், அரசு ஒப்புதல் தரும், சம்பளம் அரசு விகிதம். ஆனால் அதே வளாகத்தில் சுயநிதிப் பிரிவும் நடக்கும். விளம்பரத்தில் எந்தப் பிரிவு என்று தெளிவாக இல்லாவிட்டால் கேட்டுவிட்டுப் போங்கள், இரண்டுக்கும் சம்பளத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இடத்துக்குப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அது சட்டத்துக்குப் புறம்பு, ஒப்புதல் வராமல் போனால் பணமும் திரும்பாது. பொறியியல் கல்லூரிகளில் 'மேட்ரிக்ஸஸ் அண்ட் கால்குலஸ்', 'டிரான்ஸ்ஃபார்ம்ஸ்', 'ஸ்டாட்டிஸ்டிக்ஸ் அண்ட் நியூமரிக்கல் மெத்தட்ஸ்' என்று முழுக்கப் பயன்பாட்டுக் கணிதம்தான். பாடம் பிடிக்கும், ஆனால் ஒரே தாளை நான்கு செக்ஷனுக்கு எடுக்க வேண்டி வரும், ஆராய்ச்சிக்கு மாணவர் கிடைப்பது அரிது.

அந்தத் தனியார் கல்லூரி அழைப்பு: நெட்டுக்கு முன் போக வேண்டாம். தகுதி பெறுவதற்கு முன் செய்த பணி அரசுத் தேர்வில் அனுபவமாகக் கணக்கில் வராது. தகுதி வந்த பிறகு போனால், விலகும் நாளிலேயே அனுபவச் சான்றை வாங்கி, கல்லூரிக் கல்வி இணை இயக்குநரின் மேலொப்பம் வரை முடித்து வைத்துக்கொள்ளுங்கள். அறிவிக்கை வந்த பிறகு பழைய கல்லூரிக்கு அலைவது பெரிய பாடு.

வேலை எப்படி இருக்கும் என்று கேட்டீர்கள். உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடி வகுப்பு. முதல் வருடம் ஒரு மணி நேர வகுப்புக்கு இரண்டு மணி நேரம் தயாரிப்பு ஆகும், ஆக 48 மணி. இன்டர்னல் தாள், ஹால் டியூட்டி, கல்லூரித் தர மதிப்பீட்டுக்கான நாக் கோப்பு, மாணவர் சேர்க்கை எல்லாம் அதற்கு மேலே. முதல் இரண்டு செமஸ்டரில் ஆராய்ச்சி நகராது. அதை முன்பே தெரிந்துகொண்டால் மனம் உடையாது. இரண்டாம் முறை அதே தாளை எடுக்கும்போது தயாரிப்பு பாதியாகும், அதனால் தாளை வருடா வருடம் மாற்றாமல் மூன்று வருடம் வைத்துக்கொள்ளத் துறைத் தலைவரிடம் கேளுங்கள்.

வகுப்பில் ஒரு தேற்றம், இரண்டு கணக்கு, ஒரு எதிர் எடுத்துக்காட்டு. இது போதும், இதற்கு மேல் ஒரு மணி நேரத்தில் ஏறாது. எதிர் எடுத்துக்காட்டை விடக்கூடாது. தீர்வு ஒன்றுதான் என்ற தேற்றம் நடத்துகிறீர்கள் என்றால் இதை எழுதிப் போடுங்கள்: ஒய்-யின் வகைக்கெழு, ஒய்-யின் 2/3 அடுக்கைப் போல 3 மடங்கு, எக்ஸ் பூஜ்யமாகும் இடத்தில் ஒய்-யும் பூஜ்யம். மாணவர்கள் மாறிகளைப் பிரித்து, எக்ஸின் கனம் என்று விடை சொல்வார்கள். ஒய் எப்போதும் பூஜ்யம் என்பதும் தீர்வுதானே என்று கேளுங்கள். ஒய்-யின் அடுக்கால் வகுத்த அந்த வரியில்தான் அது தொலைந்தது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். தீர்வு ஒன்றுதான் என்பதை உறுதி செய்யும் லிப்ஷிட்ஸ் நிபந்தனை எதற்கு என்று அதற்குப் பிறகு சொன்னால் மறக்காது.

எண்முறையைக் கரும்பலகையில் மட்டும் நடத்தாதீர்கள். சைலேப், ஆக்டேவ், பைத்தான் எல்லாம் இலவசம். ஒய்-யின் வகைக்கெழு கழித்தல் 50 ஒய் என்ற எளிய சமன்பாட்டை ஆய்லர் முறையில் 0.1 படிநீளத்தில் ஓட்டச் சொல்லுங்கள். உண்மைத் தீர்வு பூஜ்யத்துக்கு விழும், கணினி விடை ஒவ்வொரு படியிலும் கழித்தல் 4 மடங்காகித் தாவும். படிநீளம் 0.04-க்குக் கீழே வந்தால்தான் அடங்கும். ஏன் 0.04 என்று அவர்கள் கேட்கும் நாளில் பாடம் தானாக நடக்கும்.

மாணவர் புராஜெக்டுக்கு உள்ளூரிலேயே கணக்கு இருக்கிறது. வைகை அணையின் நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம் தினமும் செய்தித்தாளில் வருகிறது. முழு மட்டம் 71 அடி. வினாடிக்கு 1000 கன அடி ஒரு நாள் திறந்தால் 8.64 கோடி கன அடி போகும். மட்டத்துக்கும் கொள்ளளவுக்கும் உள்ள தொடர்பு நேர்கோடு இல்லை, ஆவியாதல் நீர்ப்பரப்பைப் பொறுத்தது, ஆக நேரியலற்ற சமன்பாடு வரும். இரண்டு மாதத் தரவில் ஓட்டிப் பார்க்கலாம். ஒன்றை மட்டும் முதலிலேயே விசாரிக்க வேண்டும்: பல அணைகளில் வரத்தை நேரடியாக அளப்பதில்லை, மட்டம் ஏறிய அளவிலிருந்து கணக்கிட்டு எழுதுகிறார்கள். அப்படியென்றால் உங்கள் சமன்பாடு அச்சு அசலாகப் பொருந்துவதில் அதிசயம் ஒன்றும் இல்லை, அவர்கள் போட்ட கணக்கையே திருப்பிப் போட்டிருக்கிறீர்கள்.

பதவி உயர்வு விதி நீளமானது, எண்கள் மட்டும் தருகிறேன். நுழைவு அடிப்படை ஊதியம் 57,700. முனைவர் பட்டம் இருந்தால் 4 வருடத்தில் அடுத்த நிலை 68,900, இல்லாவிட்டால் 6 வருடம். அதிலிருந்து 5 வருடத்தில் 79,800. பிறகு 3 வருடத்தில் இணைப் பேராசிரியர், 1,31,400. இந்தப் படிக்கு முனைவர் பட்டம் கட்டாயம். நுழைவுக்குத் தேவையில்லை என்று சொன்ன பட்டம் இங்கே வந்து கதவை அடைக்கும். ஆசிரியர்களுக்கான புத்தொளி, புத்தாக்கப் பயிற்சிகளை அந்தந்த நிலைக்குரிய வருடங்களுக்குள் முடிக்காமல் விட்டால் உயர்வு தள்ளிப்போகும்.

இந்தக் கடைசி செமஸ்டரில் உங்கள் புராஜெக்டை எண்முறையில் எடுத்துக்கொள்ளுங்கள். பிளாசியஸ் சமன்பாட்டையே எடுத்தாலும் போதும்: ஷூட்டிங் முறையில் தீர்த்து, எல்லையை மூன்று நீளத்திலும் படிநீளத்தை மூன்று அளவிலும் ஓட்டி, ஒன்பது விடைகளையும் ஒரே அட்டவணையில் போடுங்கள். அடுத்து வரும் நெட்டுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். தேர்வு முடிந்த வாரமே மூன்று கைடுகளையாவது நேரில் பாருங்கள். போகும்போது மதிப்பெண் பட்டியலின் மேலே அந்த ஒரு பக்க அட்டவணையை வையுங்கள்.